யாஸ்னாவின் ரப்பர் உடுப்பு

வில்லாரிக்கா என்ற ஏரிக்கரை ஊரில் பதினாறு வருடமாகச் சைக்கிளில் தபால் கொடுக்கிறவள் யாஸ்னா. நாற்பத்துமூன்று வயதில் அவள் டிரையத்லானுக்குப் பெயர் கொடுக்கக் காரணம் அவளுடைய நாத்தனார் ஒரியேத்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது, "ஏரியில எழுநூத்தம்பது மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலை விட்டா மத்ததெல்லாம் உங்களுக்குத் தினப்படி வேலைதானே அண்ணி" என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தாள். யாஸ்னா மறுநாளே போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். வீட்டில் யாரும் நம்பவில்லை.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் இருவரும் சாமான் வாங்க ஏரிக்கரையிலிருந்த டோன் காஸ்தோனின் கடைக்குப் போனார்கள். அவர் ஒரு காலத்தில் இந்தப் போட்டிகளில் ஓடியவர். முழங்கால் போன பிறகு கடை வைத்தார். ஒரியேத்தாவுக்கு அழகு நிலையம். எதை வாங்கினாலும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் அவளுக்கு. உள்ளே நுழைந்ததும் பின்பக்கம் கூராக நீண்ட ஒரு தலைக்கவசத்தை எடுத்து அண்ணியின் தலையில் மாட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"வாத்து மாதிரி இருக்கு" என்றாள் யாஸ்னா.

"வேகமா போற வாத்து. சைக்கிளும் புதுசு பாத்துடலாம். டோன் காஸ்தோன், அந்த வெள்ளையை இறக்குங்க."

காஸ்தோன் அசையவில்லை. யாஸ்னாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இருக்கட்டும். உங்களுக்கு எதுல பயம், அதைச் சொல்லுங்க முதல்ல."

யாஸ்னா தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்ல வந்தது.

"தண்ணிலதான். ஆறு வாரமா விடியக்காலைல ஆள் இல்லாத பக்கமாப் போய் நீந்திப் பாக்கறேன். நீச்சல் குளத்துல ஆயிரம் மீட்டர் போவேன். ஏரியில அம்பது கை போடறதுக்குள்ள யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கு. திரும்பிடறேன். எதுவும் இறக்காதீங்க. பேரை எடுத்துடலாமான்னு இருக்கேன்."



"எதைப் போட்டுக்கிட்டு நீந்தறீங்க?" என்று கேட்டார் காஸ்தோன்.

ஒரியேத்தாவின் மகன் அலைச்சறுக்குக்குப் போட்ட பழைய ரப்பர் உடுப்பு. யாஸ்னாவின் பையிலேயே இருந்தது. "போட்டுக் காட்டுங்க" என்றார் அவர்.

திரைக்குப் பின்னால் கால் மணி நேரம் முட்டி மோதும் சத்தம் கேட்டது. கடைசியில் யாஸ்னா கைகளை அகட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஜிப்பைத் தொண்டைவரை இழுத்து மாட்டியிருந்தாள்.

காஸ்தோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ஜிப் முன்னாடி இருக்கு."

"ஆமா. கோட்டுக்கு முன்னாடிதானே இருக்கும்?"

"கோட்டுக்குச் சரி. இதுக்கு முதுகுல வரணும்மா."

யாஸ்னா குனிந்து பார்த்தாள். முழங்காலுக்கு வரவேண்டிய தடித்த பட்டை முழங்காலுக்குப் பின்னால் இருந்தது. ஒரியேத்தா வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. ஷூ பெட்டிகளின் மேலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறு வாரம், அண்ணி. ஆறு வாரமா முதுகை முன்னாடி வச்சுக்கிட்டு நீந்தியிருக்கீங்க."

"சிரிடீ, சிரி. உன் பிள்ளையாவது சொல்லியிருக்கக் கூடாதா?" யாஸ்னாவுக்குக் கோபம்தான் வந்தது. அது பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது.

காஸ்தோன் அவளைத் திருத்தி உடுத்தச் சொன்னார். உரசாமலிருக்க, கழுத்தில் வாசலைன் தடவிக்கொள்ளச் சொன்னார். கடையைப் பூட்டிவிட்டு மூவரும் தெருவைக் கடந்து கரைக்குப் போனார்கள். யாஸ்னா இறங்கினாள். தண்ணீர் எப்போதும்போல் சில்லென்று அடித்தது. முப்பது, நாற்பது, ஐம்பது என்று எண்ணினாள். கழுத்தை யாரும் பிடிக்கவில்லை. நூறு வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டாள். மஞ்சள் மிதவையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் முகத்தில் வழிந்ததெல்லாம் ஏரித் தண்ணீர் மட்டுமல்ல. தான் கோழை என்று ஒன்றரை மாதமாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

"இந்த உடுப்பே போதும். புதுசு வேண்டாம்" என்றார் காஸ்தோன்.

சைக்கிளும் வேண்டாம் என்றார். அவளுடைய பழைய சைக்கிளின் தபால் கூடையையும் பின்சட்டத்தையும் கழற்றிவிட்டு, மெலிந்த டயர் இரண்டு மாட்டிக் கொடுத்தார். ஏரிக்கு எதிரே பனிமலைப் பக்கமிருந்து காலை வெயில் கண்ணில் அடிக்குமென்று கறுப்புக் கண்ணாடி வைத்த நீச்சல் கண்ணாடி; முடிச்சுப் போட நேரம் போகாமலிருக்க இழுத்தால் நீளும் ஷூ கயிறு. வாத்துக் கவசத்தை ஒரியேத்தாவிடமிருந்து பிடுங்கி, சாதாரணச் சிவப்புக் கவசம் ஒன்றை யாஸ்னாவே எடுத்தாள்.

போட்டியன்று ஏரியிலிருந்து கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்தான் கரையேறினாள். ஆனால் சைக்கிளில் மேட்டுச் சாலை வந்ததும் விலையுயர்ந்த சைக்கிள்கள் மூச்சுவாங்கி நின்றன. கூடை நிறையக் கடிதங்களோடு ஏறிப் பழகிய கால்களுக்குக் கூடையில்லாத மேடு விளையாட்டாக இருந்தது. பதினேழு பேரைத் தாண்டினாள். ஒரு வீட்டு வாசலில் வழக்கமாக அவளைத் துரத்தும் நாய் அன்றும் துரத்தியது. அதனால் இன்னும் ஒருவரைத் தாண்டினாள்.

ஓட்டத்தில் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒன்பது பேர் அவளைத் திரும்பத் தாண்டினார்கள். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. எல்லைக்கோட்டில் ஒரியேத்தா கண்மை வழிய அழுதுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தபால் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வீடு அவளை நிறுத்தி முழுக்கதையும் கேட்டார்கள். அவளும் ஒரு வீட்டிலும் சுருக்கிச் சொல்லவில்லை.