மரண அறிவித்தலில் ஒரு பெயர்

விடியற்காலையில் மூச்சு அடங்கிப்போன தவராசாவின் கால் பெருவிரல்களை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் யோகலிங்கம் கேட்டான்.

"மச்சாள், நோட்டீசில லக்சனை எப்பிடிப் போடுறது?"

புஸ்பராணி முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். கணவரின் தம்பி கைபேசியோடு கதிரையில் இருந்தான். அறிவித்தலை இப்போதே அச்சகத்துக்குச் சொன்னால்தான் மத்தியானத்துக்குள் சுவர்களில் ஒட்டலாம். மகள் மதிவதனாவின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் கனடா என்று போட்டாயிற்று. மகன் பெயரில் வந்து யோகலிங்கம் நின்றுவிட்டான்.

"காலஞ்சென்ற எண்டு போடுவமோ? இனி ஆர் என்ன சொல்லப் போகினம்?"

சொல்லக்கூடியவர் கட்டிலில் கிடந்தார்.

அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்துகொண்டே திருகோணமலைப் பட்டினத்தின் சரித்திரத்தை எழுதியவர் அவர். தெருக்கள், கிணறுகள், துறைமுகத்து வேலையாட்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம். ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதமாட்டார். தங்கள் பூட்டன் வெட்டுவித்தது என்று குடும்பமே பெருமையடித்த கிணற்றை வேறொருவர் வெட்டுவித்ததாகப் பழைய காணி உறுதிப் பத்திரம் ஒன்று அகப்பட்டபோது, அதை அப்படியே எழுதிவிட்டார். சொந்தக்காரர் சிலர் அதோடு இந்த வாசலை மிதிக்கவில்லை.

நாட்டில் யுத்தம் திரும்பவும் தொடங்கிய வருசம், வகுப்பு முடிந்து உள்துறைமுக வீதியால் சைக்கிளில் வந்த லக்சன் வீடு வந்து சேரவில்லை. புத்தகத்துக்கு விசாரிக்கிற மாதிரித்தான் அவர் மகனையும் விசாரித்தார். கடை கடையாக, வீட்டுப் படலை படலையாக. அந்த வீதியில் எந்த வீட்டு வளவு யார் யார் கைமாறி வந்தது என்று அவருக்குத் தெரியும். அன்று பின்னேரம் அங்கே என்ன நடந்தது என்று சொல்ல மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகு, லக்சனுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்கக் கந்தோரில் கூப்பிட்டார்கள். போனவர் வெறுங்கையோடு வந்தார்.

"ஏன் வாங்கேல்ல?"

"செத்ததைக் கண்டது ஆர், ராணி? தெரியாததை எழுத ஏலாது."

"நீங்கள் சரித்திரம் எழுதுங்கோ. எனக்கு என்ர பிள்ளைக்கு ஒரு விளக்குக் கொளுத்த வேணும்."

அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு அவளும் அந்தக் கதையை எடுக்கவில்லை. லக்சனின் படம் மாலையில்லாமலே சுவரில் தொங்கியது.

இப்போது விளக்குக் கொளுத்தலாம். தடுக்க ஆளில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவள் தான் கட்டிய முடிச்சை இன்னொருமுறை தொட்டுப் பார்த்தாள்.

"கொள்ளி வைக்கப்போறது நான்," என்றான் யோகலிங்கம் மெதுவாக. "மகன் எங்கயெண்டு சனம் கேக்கும், மச்சாள்."

"கேக்கட்டும்."

கைபேசியை வாங்கி ஸைனுலாப்தீன் நானாவுக்கு அழைப்பு எடுத்தாள். தவராசாவின் புத்தகங்கள் எல்லாம் அவருடைய அச்சகத்தில்தான் அச்சாகின.

"நானா, மகன்ர பேரை எழுதிக்கொள்ளுங்கோ. லக்சன். அடைப்புக்குள்ள, திருகோணமலை."

அந்தப் பக்கத்தில் அவர் எழுதிக்கொண்டார்.

"பேருக்கு முன்னால ஒண்டும் போட வேணாமா, தங்கச்சி?"

"வேண்டாம்."

அவர் ஒருமுறை வாசித்துக் காட்டினார். "மதிவதனா, கனடா... லக்சன், திருகோணமலை... ஆகியோரின் பாசமிகு தந்தையும்..." பிறகு அச்சகத்தில் யாருக்கோ ஏதோ சொன்னார். மெசின் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.

அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.