கடைசிப் பதினாறு பக்கம்

சகாதேவனைத் தாட்சாயிணிக்கு முதல் நாளே பிடிக்காமல் போய்விடவில்லை. முதல் நாள் அவளும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு காபிக் கடை மாடியில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை வாசகர் வட்டம் கூடும். ஆறு வருடமாக அதை நடத்துகிறவள் தாட்சாயிணிதான். தனியார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியை. கோயில் குருக்கள் வீட்டில் பிறந்தவள். பெண் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எதற்கு என்று கேட்ட வீட்டில், பாத்திரம் தேய்க்கும்போது ஜன்னல் கட்டையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்து வளர்ந்தாள். இப்போதும் வருடத்துக்கு நூறு புத்தகம் படிப்பாள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் அரைப் பக்கம் குறிப்பு எழுதி, கீழே பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவாள்.

சகாதேவனை அழைத்து வந்தவள் அபிநயா. வேங்கிக்காலில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண். அங்கே திங்கட்கிழமை மனு கொடுக்க வரும் கிராமத்து ஜனங்களுக்கு, வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர் சகாதேவன். வயது அறுபது இருக்கும். அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"எனக்கு நெறைய புக்கு எல்லாம் தெரியாதுங்க. ஒண்ணே ஒண்ணுதான். இருபத்திரண்டு வருசமா அதையேதான் படிச்சினு இருக்கேன்" என்றார்.

பிளாஸ்டிக் பையிலிருந்து அதை எடுத்தார். அட்டை இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் தொடங்கி இருநூற்று நாற்பதோடு நின்றது. பழைய பேப்பர் கடையில் கிடைத்ததாம். பெயரும் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. துரைக்கண்ணு, பங்கஜம் என்று ஒரு புருஷன் பெண்டாட்டி. அவளுக்குச் சயரோகம். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டுத் துரைக்கண்ணு பிழைப்புத் தேடி ஊர் ஊராகப் போகிறான். மூன்று வருடம் கழித்துத் திரும்புகிறான். மலை ஏறி வந்து ஆஸ்பத்திரி கேட்டில் நிற்கிறான். "யாரைப் பார்க்கணும்?" என்று காவல்காரன் கேட்கிறான். அத்தோடு புத்தகம் அறுந்துவிட்டது.

"எம் பொஞ்சாதி ரேணுகாம்பா வெளியூர் ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப இதத்தான் படிச்சுக் காட்டுவேன். தெனம் பத்துப் பக்கம். முடிஞ்சுபோச்சுன்னா உடுவாளா? அப்புறம் இன்னா ஆச்சு, அவன் உள்ள போனானா இல்லியான்னு கேட்டா. நானே சொன்னேன். போனான்மா. அவ வராண்டாவுல குந்திகினு வேர்க்கடல உரிச்சினு இருந்தா. இவனப் பாத்துட்டு, இவ்ளோ நேரமாய்யா உனக்குன்னு கேட்டா. கைநெறைய கடலய அள்ளிக் குடுத்தா, அப்டின்னு சொன்னேன். ரேணுகா சிரிச்சிட்டா. அத ஒரு பத்துத் தரம் சொல்லச் சொல்லியிருப்பா."

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "அவ போனது ஒரு திங்கக்கெழம. நான் மனு எழுதிட்டு கடைசி பஸ்ஸப் புடிச்சுப் போனேன். கேட்ட மூடிட்டாங்க. காலைல வாய்யான்னான் வாட்ச்மேன். நானும் மல்லுக்கு நிக்கல. சரின்னு திரும்பிட்டேன். காலைல போனா, பெட்டு காலி." அட்டையில்லாத புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டார். "அந்த வேர்க்கடலதாங்க எனக்கு மிச்சம். அதுக்காகத்தான் படிக்கிறது."

எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்கப்புறம் மாதாமாதம் வந்தார். அதே புத்தகத்தை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்திலிருந்து சொன்னார். ஒருநாள் துரைக்கண்ணு ரயிலில் போன கதை மட்டும். இன்னொரு நாள் பங்கஜம் கடிதம் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டது மட்டும். வளவன் என்கிற இளைஞன் அதையெல்லாம் செல்போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பதினைந்து பேர் வந்த இடத்தில் இருபத்தைந்து பேர் வந்தார்கள். புதிதாக வந்தவர்கள் மாடிப்படி ஏறும்போதே, "அந்த மனு எழுதுறவர் வந்துட்டாரா?" என்று கேட்டார்கள்.

ஐந்தாவது மாதம், மூன்று வாரம் உழைத்துப் படித்த எழுநூறு பக்க நாவலைப் பற்றித் தாட்சாயிணி பேசிக்கொண்டிருந்தாள். ஓய்வுபெற்ற தாசில்தார் ராமகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், கொஞ்சம் சுருக்கமா முடிச்சுக்கலாமா? சகாதேவன் பேசட்டும். எல்லாரும் அதுக்குத்தானே வந்திருக்கோம்."

யாரோ சிரித்தார்கள். தாட்சாயிணியும் சிரித்தாள். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாளே தேட ஆரம்பித்தாள். துரைக்கண்ணு, பங்கஜம், மலை ஆஸ்பத்திரி என்று எழுதித் தனக்குத் தெரிந்த பழைய புத்தகக் கடைக்காரர்கள், நூலகர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். யாராவது கேட்டால், "பாவம், அந்த மனுஷர் முழுப் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை" என்று சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே அது உண்மை போலத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்துக் கும்பகோணத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் பிரதி இருப்பது தெரிந்தது. கூரியரில் வந்தது. கவரைக் கிழித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கடைசிப் பதினாறு பக்கத்தையும் படித்தாள். படித்து முடித்து இன்னொரு தடவை படித்தாள். பசித்துக் கிடந்தவள் வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அந்த ஞாயிறு கூட்டம் நிரம்பி வழிந்தது. பேச்சைத் தொடங்குமுன் அவள் எழுந்து, பூப்போட்ட காகிதத்தில் சுற்றிய புத்தகத்தைச் சகாதேவன் கையில் கொடுத்தாள்.

"உங்க புத்தகம், ஐயா. பேர் இருக்கு, எழுதினவர் பேர் இருக்கு. முழுசா இருக்கு."

அவர் காகிதத்தைக் கிழிக்காமல் மெல்லப் பிரித்தார். அட்டையைத் தடவிப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "முழுசாங்களா?"

"கடைசிப் பதினாறு பக்கமும் இருக்கு. படிங்க. நீங்க வாய்விட்டுப் படிச்சு நாங்க கேட்கணும்."

"வூட்ல போய்ப் படிச்சுக்கறேங்க மேடம்."

"எல்லாரும் காத்திருக்காங்களே, ஐயா."

எல்லோரும் "படிங்க, படிங்க" என்றார்கள். வளவன் போனைத் தூக்கிப் பிடித்தான். சகாதேவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுதிய மனுவைக் கொடுக்க வந்தவருக்கே வாசித்துக் காட்டும் குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"யாரைப் பார்க்கணும்?" என்கிறான் காவல்காரன். துரைக்கண்ணு உள்ளே எட்டிப் பார்க்கிறான். "யாரையும் இல்லை. வழி தவறி வந்துவிட்டேன்" என்கிறான். வந்த வழியே திரும்பி மலை இறங்குகிறான். அடிவாரத்தில் டீ குடிக்கிறான். அவனுக்கு வேறு ஊரில் வேறொருத்தி இருக்கிறாள்.

அந்த இடத்தில் சகாதேவனின் குரல் நின்றது. பக்கத்தைத் திருப்பாமல் விரல் அப்படியே இருந்தது.

"போதும் மேடம்" என்றாள் அபிநயா.

"இன்னும் நாலு பக்கந்தான். பாதியில நிறுத்தினா எழுதினவருக்கு என்ன மரியாதை? படிங்க, ஐயா."

அவர் படித்தார். கேட் தெரிகிற மாதிரி தன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லியிருந்தாள் பங்கஜம். அவன் மலையேறி வந்ததையும் அவள் பார்த்தாள். கேட்டோடு திரும்பிப் போனதையும் பார்த்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நர்ஸ் வந்தபோது அவள் முகம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தது. அவ்வளவுதான் கதை.

அவர் படித்த நேரமெல்லாம் தாட்சாயிணி புத்தகத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து வரும் ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம்.

ராமகிருஷ்ணன்தான் முதலில் கைதட்டினார். "ஆகா! இதுதாங்க முடிவு. இவர் சொல்லினு இருந்தது சினிமா. இது இலக்கியம்!" பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். அந்த ஜன்னலைப் பற்றி, அந்த டீயைப் பற்றி. ஆசிரியர் எவ்வளவு துணிச்சல்காரர் என்று வியந்தார்கள். இத்தனை நாள் இந்தப் புத்தகம் மறந்து கிடந்ததே என்று வருத்தப்பட்டார்கள். தேடி எடுத்ததற்காகத் தாட்சாயிணியைப் பாராட்டினார்கள். காபி வந்தது. சகாதேவன் தம்ளரைத் தொடவில்லை. "ரொம்ப நன்றிங்க மேடம்" என்று கும்பிட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். அபிநயா பின்னாலேயே ஓடினாள்.

அடுத்த மாதம் இரண்டு பேரும் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை கல்லூரிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தாட்சாயிணி ஸ்கூட்டியில் வேங்கிக்கால் போனாள். நலம் விசாரிக்க என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் காத்திருக்க, சகாதேவன் எழுதிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"ஏன் வரலை, ஐயா? எல்லாரும் கேட்கறாங்க."

"படிக்கறத உட்டுட்டேன்மா."

"ஏன்?"

"முன்னெல்லாம் புக்கத் தொறந்தா ரேணுகா சிரிப்பா. இப்ப தொறக்காமயே வந்து நிக்கிறா. கேட்டு வரைக்கும் வந்துட்டு ஏன்யா திரும்பிப் போனேன்னு கேக்கறா. நீ வந்தத நான் ஜன்னல்ல பாத்தேன்றா." பேனாவை மூடினார். "அந்த ஆஸ்பத்திரில ஜன்னலு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு யோசிச்சிப் பாக்கறேன். ஞாபகமே வரல."

"அது வெறும் கதை, ஐயா."

"நான் சொன்னதும் கதைதானேம்மா. அத அப்படியே உட்டிருக்கலாமில்ல?"

மனுவுக்கு வந்த கிழவர் ஒருவர் இருமினார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றார் சகாதேவன். "உள்ள இன்னா எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சுதான் என்னப் படிக்கச் சொன்னீங்களா?"

"இல்லை, ஐயா. நான் பிரிச்சே பார்க்கலை."

அவ்வளவு சுலபமாக வந்தது. அவர் முகம் லேசாகத் தெளிந்தது.

"நானும் அதத்தான் அபிநயா பாப்பா கிட்ட சொன்னேன். அது கோவிச்சினு என்னென்னவோ பேசுச்சு. சேச்சே, படிச்சவங்க, தெரிஞ்சு செய்ய மாட்டாங்கன்னேன்." கிழவர் பக்கம் திரும்பினார். "வாங்க பெரியவரே. பேரு, ஊரு சொல்லுங்க."

மழைக்காலம் தொடங்கியபோது சென்னையிலிருந்து ஓர் இணைய இதழ், தொலைந்த நாவலைக் கண்டெடுத்த அனுபவத்தை எழுதித் தரச் சொல்லித் தாட்சாயிணியைக் கேட்டது. ஒரே மூச்சில் எழுதினாள். நன்றாகவே வந்தது. நிறையப் பேர் பகிர்ந்தார்கள். வட்டத்துக்கு இன்னும் பத்துப் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். நாவலின் கடைசிப் பக்கத்தை ஓர் எளிய வாசகர் தன் வாயாலேயே எங்களுக்குப் படித்துக் காட்டினார், முழுப் புத்தகம் கையில் கிடைத்த மகிழ்ச்சியில் அவர் கண் கலங்கிவிட்டது என்று அதில் எழுதியிருந்தாள்.