அடுத்தவன் ஓட்டம்

செய்யாத திருட்டுக்கு ஒரு மனிதரை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துவிட்டார்களே என்று செல்வப்பிரியாவுக்குக் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. மூணாறில் ஜீப்பும் காட்டேஜும் நடத்துகிற எப்சிபாவுக்கு இரண்டு இணையதளங்கள் செய்து கொடுத்தது அவள் வேலை பார்க்கும் கொழிஞ்சாம்பாறை கம்பெனிதான். எந்த டிரைவருக்கு எந்த ஓட்டம் என்று ஜீப் தளம் அவரவர் போனில் காட்டும். ஆனந்தகுமாருக்கு வந்த ஓட்டங்களுக்கு இன்னொரு டிரைவரான மாரீஸ்வரன் போய் நின்றிருக்கிறார். பாஸ்வேர்டைத் திருடிவிட்டான் என்று ஜீப் ஸ்டாண்டில் வைத்தே எப்சிபா அவரிடமிருந்து வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

இப்போது வீடியோ அழைப்பில், ஸ்டாண்டை ஒட்டிய தன் அறையில் எப்சிபா உட்கார்ந்திருந்தார், பின்னால் மாரீஸ்வரன் நின்றார். இந்தப் பக்கம் செல்வப்பிரியா. கேமராவில் விழாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார் முதலாளி சிவப்பிரகாஷ்.

"என் போன்ல வந்த ஓட்டத்தைத்தாம்மா எடுத்தேன். எவன் பாஸ்வேர்டும் எனக்குத் தெரியாது," என்றார் மாரீஸ்வரன்.

"சும்மா நடிக்காத," என்றார் எப்சிபா.

செல்வப்பிரியா குறுக்கிட்டாள். "அந்தப் போனை வேற ஆராச்சும் தொடுவாங்களாங்ணா?"

"வீட்டுக்கு ஒரு போன்தாம்மா. எம்பொண்டாட்டி கற்பகம் இவுக காட்டேஜ்ல ரூம் கூட்டுதா. கூட்டி முடிச்சதை அதுலதான் பதிவா."

செல்வப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. அட பாவி மனுஷா என்று முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே நுழைகிறவருக்குத் தளம் ஓர் அடையாளச் சீட்டு கொடுக்கும், போன் அதை வைத்துக்கொள்ளும். அந்தச் சீட்டின் பெயர்தான் செஷன் பெயர். ஒரே முகவரியில் இரண்டு தளம் என்றால் இரண்டு பெயர் வைத்தாக வேண்டும். சிவப்பிரகாஷோ ஜீப் தளத்தைச் செஷன் பெயரைக்கூட மாற்றாமல் அப்படியே நகலெடுத்து, அதே முகவரியில் காட்டேஜ் தளமாக ஒட்டியவர். அன்றைக்கே அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "பேரு வெக்கறதுக்கு இதென்ன கொழந்தையா புள்ள," என்று சிரித்தார். ஆபீஸே சேர்ந்து சிரித்தது. விளைவு, கற்பகத்தின் சீட்டு கணவரின் சீட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. சீட்டில் இருப்பதோ ஆளின் எண் மட்டும். காட்டேஜ் தளத்தில் ஏழாம் எண் கற்பகம். ஜீப் தளத்தில் ஏழாம் எண் ஆனந்தகுமார்.

சிவப்பிரகாஷ் எட்டி மைக்கை அணைத்தார். "அந்தாளு போன்ல கோளாறுன்னு சொல்லிப்போடு. நாம சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்."

"திருடன்னு பேரெடுத்து நிக்கறாருங்க சார்."

"அது அவங்க பஞ்சாயத்து. நமக்கென்ன?"

எவ்வளவு கூசாமல் சொல்கிறார். அவள் மைக்கைத் திரும்பப் போட்டாள்.

"அக்கா, அவரு போனை நீங்களே வாங்கிக்கங்க. ஜீப் தளத்துல அவரு பாஸ்வேர்டைப் போடச் சொல்லுங்க. மேல மூலைல பொடி எழுத்துல என்ன இருக்குதுங்க?"

"வணக்கம் மாரீஸ்வரன்னு இருக்கு."

"இப்பக் காட்டேஜ் தளத்துல கற்பகம் பேர்ல உள்ள போங்க. போனே பாஸ்வேர்டை வெச்சிருக்கும். போயாச்சுங்களா? மறுபடி ஜீப் தளத்தைத் தொறங்க."

எப்சிபா திறந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"ஆனந்தகுமார்னு வருது. அவன் பாஸ்வேர்டை நான் போடவே இல்லையே."

"அவரும் போடலீங்க. தப்பு எங்க தளத்துலதான் இருக்குதுங்க."

எப்சிபா இழுப்பறையைத் திறந்து சாவியை மேசைமேல் வைத்தார். "எடுத்துக்க மாரீஸ்வரா."

அவர் தொடவில்லை. "ஸ்டாண்டுல வச்சுல்ல புடுங்கினீக. அங்க வந்து குடுங்க."

எப்சிபா எழுந்து சாவியோடு வெளியே போனார். மாரீஸ்வரனும் பின்னால் போனார். திரையில் வெறும் நாற்காலி.

"அதான் முடிஞ்சுதில்ல, கட் பண்ணு," என்றார் சிவப்பிரகாஷ்.

"இருங்க சார்."

ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து எப்சிபாவின் குரல் கேட்டது. "எல்லாரும் கேளுங்கப்பா. இவன் திருடல. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்." யாரோ ஒரு ஜீப்பைக் கிளப்பினார்கள்.

எப்சிபா திரும்பி வந்து உட்கார்ந்தார். "நான் சொல்லிட்டேம்மா. இந்தத் தளத்தைச் செஞ்சவரு எங்க? அவரும் சொல்லணும்ல."

செல்வப்பிரியா லேப்டாப்பை எடுத்து, சிவப்பிரகாஷின் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தாள்.