எலாஸ்டிக் மட்டும்

தடதடவென்ற சத்தத்தில் மாட்டுக்கு வைத்த வாளித் தண்ணீரே நடுங்கியது. நாளைக்குத்தான் வரும் என்று புருஷன் சொன்ன ஜேசிபி இன்றே வந்து நின்றது. அவள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கல்யாணமான புதிதில் அவர்களுக்கு இருந்தது ஒரே வயல். அப்புறம் புதர்க்காட்டை வழித்து ஒன்று, அதற்கப்புறம் இன்னொன்று. எல்லாவற்றிலும் வருஷம் தவறாமல் மக்காச்சோளம்தான். மிச்சப் புதரையும் இன்று வழித்துவிட்டால் நாலாவது வயல். அவரோடு வாயாடி ஜெயித்தவர் அந்த வீட்டில் யாருமில்லை. அவள் நம்பியிருந்தது மண்ணுக்குள் கிடந்த மூன்று ஜட்டிகளை.

யோசனை நாத்தனாருடையது. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நல்ல மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கும், பருத்தித் துணியை இரண்டே மாதத்தில் தின்று தீர்த்துவிடும், எலாஸ்டிக் மட்டும் மிஞ்சும் என்று போனில் சொன்னாள். பழைய ஜட்டி என்றுதான் சொல்லியிருந்தாள். அவசரத்தில் இவள் அலமாரியில் மேலாக இருந்ததை எடுத்துவிட்டாள். முதல் வயலில் ஒன்று, கடைசி வயலில் ஒன்று, புதருக்குள் ஒன்று என்று புதைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"வழிய விடு. வண்டி சும்மா நிக்குது" என்றார் அவர்.

"நிக்கட்டும். நான் தோண்டுறதப் பாத்துட்டு அப்புறம் வெட்டுங்க."

முதல் வயலில் தோண்டினாள். ஜட்டி முழுசாக வந்தது. நீலம்கூட வெளுக்கவில்லை.

"ஏய், இது என் புது ஜட்டி. கொடியிலேர்ந்து நாய் இழுத்துட்டுப் போச்சுன்னியே?"

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். "அலசிப் போட்டா இன்னும் ஒரு வருஷம் வரும்ண்ணே."

கடைசியாகத் திருத்திய வயலில் கிடந்தது சல்லடையாகியிருந்தது. புதருக்குள் இலைச்சருகை விலக்கி வெட்டியபோது மண்வாசனை குப்பென்று ஏறியது. வெள்ளை நூல் மாதிரிப் பூஞ்சை. அதன் நடுவே துணியே இல்லை. எலாஸ்டிக் மட்டும் வளையம்போல வந்தது.

அவர் அந்த மண்ணை அள்ளிப் பிசைந்தார். புட்டு மாதிரி உதிர்ந்தது. முதல் வயலுக்குத் திரும்பி நடந்து, ஒரு கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்தார். உடையவில்லை. செருப்பால் மிதித்தார். அப்போதும் இரண்டாகப் பிளந்ததோடு சரி.

புதரைத் தொட வேண்டாம், கொட்டகைக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும் சாணக்குப்பையை முதல் வயலில் பரப்பு, இந்த வருஷம் அங்கே சோளம் கிடையாது, பயறு விதைத்துக்கொள்ளலாம் என்று டிரைவரிடம் சொன்னார். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்குச் சப்பென்று போய்விட்டது. இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். வெயில் இதமாக இருந்தது.

"இவ்ளோ சீக்கிரம் வழிக்கு வருவீங்கன்னு நினைக்கல."

அவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். "அது ஓஞ்சுபோச்சுன்னு எனக்கு எப்பவோ தெரியும். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. பழச விட்டுட்டுப் புதுசு புதுசாத் தேடிப் போயிட்டேன்."

அவள் திரும்பி அவர் முகத்தையே பார்த்தாள்.

"வயலத்தானே சொல்றீங்க?"