புழுத்தது வெங்காயம்தான்

2006இல் நானும் இந்திராதேவி அக்காவும் பிரெஞ்சு பேசுகிற ஊரான புவாண்ட்-கிளேரில் ஒரு மரக்கறிக் கிடங்கில் வேலை செய்தோம். அழுகின வெங்காயத்தில் பழுதை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் புதுப் பையில் கட்டச் சொன்னான் மேற்பார்வையாளன். அந்தப் பைகள் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறவை. நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வெட்டினோம். அக்கா மட்டும் மாட்டேன் என்று மூன்று மூட்டையைக் குப்பையில் கொட்டினா. அடுத்த நாளே அவவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தன்மேல் இருந்த வன்மத்தில்தான் அப்படிச் செய்தா என்று மேற்பார்வையாளன் எழுதிக் கொடுத்திருந்தான்.

அக்கா தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்தா. விசாரணைக்கு நானும் துணைக்குப் போனேன். மொழிபெயர்ப்பாளர் நேரில் வரவில்லை, தொலைபேசியில் பேசினார். இரைச்சலுக்குள் அவர் குரல் விட்டுவிட்டு வந்தது.

வெங்காயம் எப்படி இருந்தது என்று விசாரிக்கிற அம்மா கேட்டா.

"ஆறு மாசமா உள்ளுக்குள்ள புழுத்துக் கிடந்தது" என்றா அக்கா.

மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொன்னபோது 'ரன்க்யூன்' என்று ஒரு சொல் வந்தது. கம்பனியின் வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டு அவசரமாக எழுதினார். அக்காவின் முகம் சிவந்தது. வில்லரேயில் மூன்று குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போய் பிரெஞ்சு படித்தவ அவ. அந்தச் சொல் அவவுக்குத் தெரியும். வன்மம். புழுத்தது என்றது அந்த மனுசன் காதில் புழுங்கியது என்று விழுந்து, வெங்காயத்தின் அழுகல் அக்காவின் மனதுக்குள் போய்விட்டது. கம்பனி சொன்ன பொய்யை அக்காவின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்.

அக்கா எழும்பினா. "நோன். புர்ரி. வெங்காயம் அழுகினது. நான் இல்லை" என்று பிரெஞ்சிலேயே சொன்னா.

தொலைபேசிக்காரர் தமிழில் சமாதானம் சொன்னார். "சின்னப் பிழைதானே அம்மா. உங்களுக்கும் கோபம் இருந்ததுதானே?"

"கோபம் இருக்கு. அது வெங்காயத்துக்குப் பிறகு வந்தது. நீங்கள் முதல் வந்ததாச் சொல்லிப்போட்டியள். அதைத் திருத்திச் சொல்லுங்கோ."

திருத்தி எழுதும்வரை அக்கா கதிரையில் இருக்கவில்லை.

ஐந்து கிழமையில் முடிவு வந்தது. நிறுத்தினது பிழை, திரும்ப வேலைக்கு எடுக்கவேண்டும் என்று. எனக்குச் சந்தோசம். அக்காவுக்கு ஆறவில்லை. "இதில என்னைப் பற்றித்தான் இருக்கு. அதைத் திண்ட கிழடுகளைப் பற்றி ஒண்டும் இல்லை" என்றா.

அன்றைக்கே உணவுப் பரிசோதகருக்குக் கடிதம் எழுதினா. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவில்லை; அகராதியை வைத்துக்கொண்டு தானே பிரெஞ்சில் எழுதினா. இரண்டு பக்கம். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.