காட்டுவதற்கு ஒரு டிக்கெட்

1

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்று அக்கா சொன்னாள். கதை பிறந்தது அந்த இடத்தில்தான். அதுவரை என்னிடம் இருந்தது வெறும் தகவல். அக்கா ஒரு சிறிய பயண அலுவலகத்தில் டிக்கெட் போடுகிறாள். அத்தான் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போய், பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரங்களைப் பொருத்துகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியேதான். அவருடைய பயணங்களையும் அக்காவே திட்டமிடுகிறாள்.

"இதுல என்னடா கதை இருக்கு?" என்றாள். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். "எழுதிடாத" என்று சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

முதல் தொடக்கம்: மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்த விமானம்

(விட்டுவிட்டேன். அத்தான் இருக்கையில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். மேகத்தை யார் கண்டது?)

இரண்டாம் தொடக்கம்: ஒவ்வொரு முறை வழியனுப்பும்போதும் அவள் கண்களில்

(பொய். அக்கா விமான நிலையத்துக்குப் போனதே இல்லை. வாசலில் நின்று, "பாஸ்போர்ட், ஊசி போட்ட அட்டை, கம்பெனி லெட்டர்" என்பாள். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார். அவர்கள் கொஞ்சிக்கொள்வது அவ்வளவுதான்.)

2

எந்த நாட்டில் கடற்கரை நன்றாக இருக்கும் என்று அக்காவிடம் கேட்காதீர்கள், தெரியாது. எங்கே பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதம் ஆயுள் இருக்க வேண்டும், எங்கே இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும், எங்கே விமானம் மாறி ஏறுவதற்கே விசா கேட்பார்கள் என்று கேளுங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொல்லி முடித்ததும் "அவசரம்" என்பாள். அவளுடைய தொழிலில் எல்லாமே அவசரம். மூன்று மாதம் கழித்துப் போகிறவனையும் நாளைக்கே போகிறவனைப் போல விரட்டுவாள்.

சில நாடுகள் உள்ளே விடும்போதே, "எப்போது கிளம்புவாய்?" என்று கேட்கும். திரும்பும் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். ஆனால் இயந்திரம் என்றைக்கு ஒழுங்காக ஓடத் தொடங்கும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. அதனால் அக்கா காட்டுவதற்கு ஒரு டிக்கெட் போடுவாள். அத்தான் உள்ளே நுழைந்த பிறகு அதை ரத்து செய்துவிட்டு, வேலை முடியும் நாள் தெரிந்ததும் வருவதற்கு இன்னொன்று போடுவாள்.

காட்டுகிற டிக்கெட்டுக்கும் ஏதாவது ஒரு தேதி வேண்டுமே. மகளின் பள்ளி நாடகம், கல்யாண நாள், ஒருமுறை தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரும் நாள். "ஞாபகம் வச்சுக்க சுலபம்டா" என்றாள். டிக்கெட்டுகளை மட்டும் பார்த்தால் அத்தானைப் போல வீடு தங்கும் மனிதர் உலகத்திலேயே கிடையாது.

(இங்கே, "சொந்த வீட்டுக்குள் நுழைய அவருக்கு என்ன விசா?" என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். ரொம்ப அழகாக இருந்தது, அதனால்தான்.)

3

இந்த முறை காட்டுகிற டிக்கெட்டின்படி அத்தான் நாளைக் காலை வந்து இறங்க வேண்டும். நாளை மதியம் அக்காவுக்கு அறுவை சிகிச்சை. கழுத்தில் கட்டி. எடுத்துப் பரிசோதித்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்கிறார் மருத்துவர். அத்தானிடம் அக்கா சொன்னது, "சின்னக் கட்டிதான். நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க? வேலையப் பாருங்க."

அவர் உண்மையாக வருகிற டிக்கெட் அடுத்த வாரம். காட்டுகிற டிக்கெட்டோ இன்னும் உயிரோடு இருக்கிறது. ரத்து செய்ய மறந்துவிட்டாளாம்.

எனக்கு இந்தக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது இங்கேதான். சின்ன வயதில் எனக்கு எந்தக் கையில் ஊசி போட்டார்கள் என்பதுவரை நினைவு வைத்திருப்பவள் டிக்கெட்டை மறந்தாள் என்றால் வாசகர்கள் நம்புவார்களா? அவளிடமே கேட்டேன்.

"மறந்துட்டேன்னே எழுது" என்றாள்.

எழுதாதே என்றவள் இப்போது எப்படி எழுத வேண்டும் என்று சொல்கிறாள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4

இது இன்று பிற்பகல். மருத்துவமனை அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், ஆடிக்கொண்டே இருக்கும் திரைச்சீலை. அக்காவின் போனுக்கு விமான நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. ஒரே ஆளுக்கு ஒரே வழியில் இரண்டு இருக்கைகள் இருக்கின்றன. ஐந்து மணிக்குள் ஒன்றை நீங்களே நீக்காவிட்டால் இரண்டையும் நாங்கள் நீக்குவோம்.

அக்காவை ஸ்கேனுக்கு அழைத்துப்போக நர்ஸ் வந்துவிட்டார். போனை என் கையில் திணித்தாள்.

"காட்டுற டிக்கெட்டத் தூக்கிடு. அவசரம்."

"அத்தான் வரணும்னு உனக்கு இல்லையாக்கா?"

"வரணும்னு அவருக்கு இருந்தா கேட்டிருப்பார்ல" என்று சொல்லிவிட்டு, சக்கர நாற்காலியில் ஏதோ அலுவலகத்துக்குப் போகிறவள்போல நிமிர்ந்து உட்கார்ந்து போனாள்.

நான் ஒரு முந்திரிக்கொட்டை. அத்தானைக் கூப்பிட்டேன். பின்னால் இயந்திரம் கடகடத்தது.

"எந்த டிக்கெட்ல வரப் போறீங்க அத்தான்?"

"உங்க அக்கா எத அனுப்புறாளோ அதுல. நான் என்னைக்கு மச்சான் டிக்கெட்டப் பார்த்து ஏறியிருக்கேன்?"

"நாளைக்கு ஆபரேஷன்."

"தெரியும்." இயந்திரத்தை நிறுத்தினார். "காலையிலேர்ந்து ஒரே மூடியக் கழட்டிக் கழட்டிப் போட்டுட்டு இருக்கேன். கை ஓடல."

"அப்ப வந்துடுங்களேன்!"

"வேணாம்னு சொன்னாளே. நான் வரணும்னு அவ நினைச்சிருந்தா அவளே டிக்கெட் போட்டிருப்பா."

"போட்டிருக்காளே அத்தான்!"

"அது காட்டுறதுக்கு மச்சான்" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பது பழமொழி. இங்கே ஒரே வெண்ணெயை வைத்துக்கொண்டு இரண்டு பேர் அலைகிறார்கள்.

5

முடிவு அ: அடுத்த வார டிக்கெட்டை நான் ரத்து செய்கிறேன். மிஞ்சியதில் அத்தான் ஏறிவிடுவார், அவர்தான் எதையும் பார்த்து ஏறுவதில்லையே. நாளைக் காலை பெட்டியோடு இந்த வாசலில் நிற்பார். அக்கா முதலில், "போர்டிங் பாஸ் பத்திரமா இருக்கா?" என்பாள். ஆனால் அவராக வந்தாரா, தம்பி வரவழைத்தானா என்று ஆயுள் முழுக்க அவளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

முடிவு ஆ: சொன்னபடி காட்டுகிற டிக்கெட்டை ரத்து செய்கிறேன். நாளை மதியம் ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் நான் மட்டும் உட்கார்ந்து

(இதை முடிக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்வது எழுத்தாளன் இல்லை, தம்பி.)

முடிவு இ: கட்டி ஒன்றுமில்லை என்று மருத்துவர் சிரிக்கிறார். இதை எழுத யாருக்குத்தான் கை வராது? ஆனால் எழுதினால் மட்டும் நடந்துவிடாது.

6

அக்காவை அழைத்துவந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

"பண்ணிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்குப் பத்து நிமிடம். திட்டு விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் போர்வையை இழுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"சரி விடு" என்றாள். "அவசரமில்ல."

எனக்குத் தெரிந்து ஒரு டிக்கெட்டைப் பற்றி அக்கா இந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

திரையில் இரண்டு டிக்கெட்டுகள். இரண்டுக்கும் எதிரே 'ரத்து' என்று ஒரே மாதிரி பொத்தான். எழுதுவதற்கும் அழுத்துவதற்கும் எனக்கு ஒரே விரல்தான், அதனால் எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். போனை உங்களிடம் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எதை அழுத்துகிறீர்களோ, கதை அப்படி முடிகிறது.

மாற்றி அழுத்திவிட்டாயே என்று அக்கா கேட்டால், எது எதுவென்று மறந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது செல்லும்.