தெவித்தா வாங்கிய புளிப்பு

ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ஷெக்கல். முன்பணம் நூறு போக, தெவித்தா கலோமா எங்கள் விருந்தினர் மாளிகைக்குத் தர வேண்டிய பாக்கி அது. யூதர்களின் பஸ்கா பண்டிகை தொடங்கும் நாள் காலையில் அவர் கடன்காரர் ஆனபோது நான் ஒரு பெட்டி பியரைத் தோளில் சுமந்துகொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கீழே வை என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அவசரம்.

ஜெருசலேமில் வெளிநாட்டு விருந்தாளிகள் தங்கும் சின்ன மாளிகை அது. அரசாங்கத்துடையது. பெட்டி தூக்குவது, தரை கழுவுவது, குழாய் ஒழுகினால் திட்டிக்கொண்டே அடைப்பது எல்லாம் நான், ஷப்தோ. பஸ்கா வந்தால் இதெல்லாம் மும்மடங்கு. புளித்த மாவு ஒரு துணுக்குகூட எங்கும் இருக்கக் கூடாது. சோபா இடுக்கில் விரலை விட்டுத் துழாவி, அடுப்பை நெருப்பால் சுட்டு, பாத்திரங்களைக் கொதிநீரில் முக்கி எடுத்து முடிக்கும்போது, எகிப்தில் அடிமையாக இருந்த எங்கள் முன்னோருக்கு இவ்வளவு இடுப்பு வலித்திருக்குமா என்று தோன்றும்.

கொட்டிவிட முடியாததை விற்றுவிடுவோம். கிடங்கில் அரசு விருந்துகளுக்கான விஸ்கி, பியர், பிஸ்கட், மாவு மூட்டை எல்லாம் இருக்கும். பண்டிகையின் ஏழு நாளும் அவை யூதனுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது என்பதால் யூதரல்லாத ஒருவருக்குப் பத்திரம் எழுதி விற்று, கிடங்கையும் அவருக்கே வாடகைக்கு விட்டு, சாவியைக் கொடுத்துவிடுவோம். பண்டிகை முடிந்த இரவே சரக்கு திரும்பி வந்துவிடும். வழக்கமாக வாங்குகிறவர் பழைய நகரத்து மருந்துக்கடைக்காரர் ஹாகோப். அவர் ஆர்மீனியர். வருவார், கையெழுத்துப் போடுவார், காப்பி குடிப்பார், போவார். இந்த வருஷம் அவர் யெரெவானில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இங்கே சண்டை மூண்டு விமானங்கள் நின்றுபோயின.

"யூதரல்லாதவர் ஒருத்தர் வேணும். பதினோரு மணிக்குள்ள," என்றார் பத்திரம் எழுத வந்திருந்த மதகுரு, ரப்பி அம்ராம். "தெருவுல ஒருத்தரையும் காணோம். சைரனுக்குப் பயந்து பூனைகூட உள்ள இருக்கு."

மாளிகையின் பொறுப்பாளர் யோகெவெத் மாடியைப் பார்த்தாள். அங்கே ஒருவர் இருந்தார்.

தெவித்தா கலோமா பசிபிக் கடலில் உள்ள மொருவாய் என்ற தீவு நாட்டின் தூதர். கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைவார், அவ்வளவு பெரிய உடம்பு. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களுக்கு ஒப்பந்தம் போட வந்தவர், விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டார். அந்த ஒப்பந்தத்துக்காக யோகெவெத் மூன்று வருஷம் அலைந்திருந்தாள். பண்டிகை முடிந்ததும் கையெழுத்து என்று பேச்சு.

அவர் இறங்கி வந்தார். ரப்பி பத்திரத்தை ஒரு வரி விடாமல் வாசித்தார். பிறகு வழக்கப்படி, வியாபாரம் முடிந்ததற்கு அடையாளமாகத் தன் கைக்குட்டையை நீட்டினார். தெவித்தா அதை வாங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"தூக்கினா போதும் ஐயா," என்றார் ரப்பி.

"மன்னிக்கணும். சளி இருக்கறது தெரிஞ்சுபோச்சோன்னு நினைச்சேன்."

கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் ஒரு கேள்வி கேட்டார். "பாக்கிப் பணம் எப்போ?"

"ஏழாம் நாள் பொழுது சாஞ்சதும்."

அவர் முகம் மாறியது. ஆனால் போட்டுவிட்டார். அப்புறம்தான் நான் பியரைக் கீழே வைத்தேன்.

அன்று மாலை விருந்து. ரப்பி ஊருக்குப் போக முடியாததால் அவரே தலைமை. எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் கோப்பைத் திராட்சை ரசம் முடிந்து, உப்புநீரில் தொடும் கீரையை எடுக்கும் நேரம் பார்த்துச் சைரன் ஊதியது. நாங்கள் பதுங்கு அறைக்கு ஓடினோம். ஓடிப்போய்க் கதவில் முட்டிக்கொண்டு நின்றோம். பூட்டியிருந்தது.

எங்கள் மாளிகையில் கெட்டிச் சுவர் உள்ள அறை ஒன்றுதான். அதுதான் கிடங்கு. அதைத்தான் காலையில் வாடகைக்கு விட்டிருந்தோம்.

"இது யாருக்கும் ஞாபகம் வரலியா?" என்றாள் யோகெவெத்.

"எனக்கு வந்துச்சு," என்றார் ரப்பி. "சைரனுக்கு ஞாபகம் வராதுன்னு நினைச்சேன்."

தெவித்தா நிதானமாக வந்து சாவியைப் போட்டுத் திறந்தார். எங்களுக்கு முன்னால் உள்ளே போய், திரும்பி நின்று, இரண்டு கையையும் விரித்தார்.

"வாங்க, வாங்க. ஏழை வீடு. காலைப் பாத்து வைங்க."

அலமாரிகளின் மேல் நான் போர்வை போட்டு மறைத்திருந்தேன். அவர் போர்வையை விலக்கி ஒரு வேஃபர் பாக்கெட்டைப் பிரித்து ரப்பியின் முகத்துக்கு நேரே நீட்டினார். பஸ்கா இரவில். நான் நாற்பது வருஷம் மூட்டை தூக்கியிருக்கிறேன், ஒரு மனிதர் அப்படிப் பின்வாங்கி நான் பார்த்ததில்லை. மாவு மூட்டையில் இடித்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாங்க ஐயா. எங்களுக்கு ஆகாது."

"என் வீட்டுக்கு வந்துட்டு கை நனைக்காமப் போறதா? எங்க ஊர்ல அது சாவு வீட்டுலதான்."

வெளியே எங்கோ தொம்மென்று ஒரு சத்தம். யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் வேஃபரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தண்ணி இருக்கா?" என்றார் ரப்பி. "தண்ணி குடுங்க. எங்க ஊர்ல தண்ணி குடிச்சா விருந்து சாப்பிட்ட மாதிரி."

எங்கள் ஊரில் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் தெவித்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து, கடைசிச் சொட்டு வரை குடிக்கிறோமா என்று பார்த்தார். வயிறு நிறைந்துவிட்டது என்று யோகெவெத் கெஞ்சியும் விடவில்லை. அதன் பிறகு சைரன் ஊதும்போதெல்லாம் அவர் கதவைத் திறப்பார், வரவேற்பார், நாங்கள் பாட்டில் பாட்டிலாகக் குடிப்போம். அபாயம் நீங்கியது என்று அறிவித்ததும் எல்லாரும் ஓடுவது கழிப்பறைக்கு. ஏவுகணையைவிட அந்த வரிசைக்குத்தான் நான் பயந்தேன்.

பண்டிகையின் நடு நாட்களில் தெவித்தா இளைக்கத் தொடங்கினார். அந்த உடம்பில் அது தெரிவதற்கே கொஞ்சம் அதிகமாக இளைக்க வேண்டும். யோகெவெத் தோட்டத்தில் அவரைப் பிடித்துக் கேட்டாள். நான் பக்கத்தில் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

"உடம்பு சரியில்லையா ஐயா?"

"உடம்புக்கு என்னம்மா. என்கிட்ட எண்ணூத்து நாப்பது ஷெக்கல் இருக்கு. ஊருக்குப் போன் போட்டு, தம்பிகிட்ட பன்னிங்களை விக்கச் சொல்லியிருக்கேன். பதினோரு பன்னி. வித்தாலும் ஒரு அலமாரிக்குக் காணாது போலிருக்கு."

எங்கள் பஸ்கா சரக்குக்கு, நாங்கள் தொடாத பன்றி விற்ற காசு. பாவம், யோகெவெத்துக்கு நல்ல மனசு. அதுதான் வினையாகிப்போனது.

"ஐயோ, பன்னியை விக்காதீங்க. இது சும்மா ஒரு சடங்கு. யாரும் காசு கேக்க மாட்டாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான். ஹாகோப் ஒரு வருஷமும் குடுத்ததில்ல."

அவர் ரோஜாச் செடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ரப்பி வரி வரியா வாசிச்சாரே. நான் கையெழுத்துப் போட்டேனே."

"போட்டீங்க. ஆனா..."

"நாம போடப்போற ஒப்பந்தத்துலயும் வரி வரியா எழுதியிருக்கு. அதுவும் உங்களுக்குச் சும்மாதானா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் மோசம். மாடிக்குப் போய், மேசை மேலிருந்த ஒப்பந்தத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். விமானம் ஓடினால் முதல் விமானத்தில் ஊருக்குப் போவதாக மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

யோகெவெத் ரப்பியிடம் ஓடினாள். நானும் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை, ஆனாலும் போனேன்.

"சும்மான்னா சொன்ன?" ரப்பி எழுந்தே நின்றுவிட்டார். "வித்தவ வாயாலயே சும்மான்னு வந்தா அந்த விஸ்கி யாருது? நம்மளுது. நம்மளுதுன்னா? கொட்டணும். ஷப்தோ, சாக்கடை மூடியைத் திற."

"என் இடுப்பு..." என்றேன்.

"அது சுதந்திர தின விருந்துக்கு வச்சது ரப்பி," என்றாள் யோகெவெத். "நூத்திமுப்பது தூதர் வருவாங்க."

"அவங்களுக்கும் தண்ணி குடு. பழகியிருக்கோம்."

"அவரு மனசு நோகக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

"ராஜதந்திரத்துல இதுதான் தொல்லை. நீங்க எல்லாரும் மனசு நோகாம பேசிப் பேசி, பேசினது எதுவும் உண்மையான்னு உங்களுக்கே தெரியாமப் போயிடுது. என் சடங்குல அது செல்லாது. வித்தா வித்ததுதான். ஊரே நாளைக்கு இருக்குமான்னு தெரியாத நேரத்துல, எழுதினதை எழுதினபடி வச்சுக்கறதத் தவிர நமக்கு வேற என்ன இருக்கு?"

அவர் விறுவிறுவென்று மாடி ஏறினார். தெவித்தா கதவைத் திறந்ததும் ரப்பி விரலை நீட்டினார்.

"யோவ், என்னய்யா, ஊருக்குப் போறீராம். என் பணம் எங்கே?"

யோகெவெத் சுவரில் சாய்ந்துவிட்டாள். தூதரை யாரும் எந்த நாட்டிலும் 'யோவ்' என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

தெவித்தா அவரை உற்றுப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். பிறகு அந்தப் பெரிய கையால் ரப்பியின் விரலைப் பிடித்துக் குலுக்கினார்.

"கேட்டீங்களே, அது போதும் ரப்பி. கடைசி நாள் பொழுது சாஞ்சதும் வாங்க."

ஒப்பந்தம் பெட்டியிலிருந்து மேசைக்குத் திரும்பி வந்தது. யோகெவெத் பேனாவை நீட்டினாள்.

"கடன் தீரட்டும்மா," என்றார் அவர். "கடன்காரன் போடுற கையெழுத்துக்கு எங்க ஊர்ல மதிப்பில்ல."

ஆக, பணம் வந்தால்தான் கையெழுத்து. பணமோ வராது. யோகெவெத் நகத்தைக் கடித்தாள். பஸ்காவில் சாப்பிடத் தடையில்லாத பண்டம் அது ஒன்றுதான் மாளிகையில் மிச்சம் இருந்தது.

ஏழாம் நாள் இருட்டி நட்சத்திரங்கள் தெரிந்ததும் கிடங்கு வாசலில் கூடினோம். தெவித்தா இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு வந்தார். அவர்கள் ஊரில் அதுதான் மரியாதையான உடை. கையில் எண்ணூற்று நாற்பது ஷெக்கலும் ஒரு கைக்கடிகாரமும்.

"இப்போ இதான் இருக்கு. மீதியை மாசம் இருநூறா அனுப்புவேன். எனக்கப்புறம் என் பிள்ளைங்க. அப்புறம் அவங்க பிள்ளைங்க."

"எழுதிக்கிறேன்," என்றார் ரப்பி, பேனாவைத் தேடிக்கொண்டே.

"எழுதாதீங்க," என்றாள் யோகெவெத். "பத்திரத்துலயே வழி இருக்கே. வாங்கினவரால பணம் குடுக்க முடியலன்னா விற்பனை ரத்து."

தெவித்தா நிமிர்ந்தார். "குடுக்க முடியாதவன்னு என் பேரை எழுதணுமா?"

எனக்குப் பசி. ஏழு நாளாக அட்டை மாதிரி இருக்கும் புளிக்காத அப்பம் தின்று தொண்டை வறண்டு கிடந்தது. "அதெல்லாம் இருக்கட்டும்," என்றேன், "அந்த பிஸ்கட் ஒரு பாக்கெட் எவ்வளவு?"

"யாரைக் கேக்கறே?" என்றார் ரப்பி.

"சரக்கு யாருதோ அவரை."

"எட்டு ஷெக்கல்," என்றார் தெவித்தா. "பத்திரத்துல போட்ட விலை. லாபம் வைக்க மாட்டேன்." நான் காசை எடுப்பதற்குள் யோகெவெத் என் கையைத் தட்டிவிட்டாள்.

"பாக்கெட் வேண்டாம். எல்லாமே எவ்வளவு?"

ரப்பி தாடியைத் தடவிக்கொண்டார். தெவித்தா யோசித்தார்.

"மொத்த விலை ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து ஐநூறு. ஆனா முழுசா இல்லம்மா. மூணு பாக்கெட் வேஃபர் நான் தின்னுட்டேன். கவலை வந்தா பசிக்கும் எனக்கு. ரெண்டு பியரும் குடிச்சேன். ஐம்பத்தெட்டு ஷெக்கல் கழிச்சுக்குங்க."

"கழிச்சா?"

"ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூத்து நாப்பத்திரெண்டு."

"வாங்கிட்டேன்," என்றாள் யோகெவெத். ராஜதந்திரம் படித்தவள் வாயிலிருந்து அவ்வளவு சின்ன வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை.

ரப்பி கைக்குட்டையை நீட்டினார். இந்த முறை தூக்க வேண்டியது அவள். நன்றாகத் துவைத்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் தூக்கினாள்.

"சரி. அவர் நமக்குத் தரவேண்டியது நானூறுல முடியுது," என்றார் ரப்பி. "நாம அவருக்குத் தரவேண்டியது நானூத்து நாப்பத்திரெண்டுல முடியுது. கழிச்சுப் பார்த்தா நாப்பத்திரெண்டு ஷெக்கலுக்கு அரசாங்கம்தான் கடன்காரன்."

யோகெவெத்தின் முகம் வெளுத்தது. "கணக்குப் பிரிவு ஞாயித்துக்கிழமைதான் திறக்கும். மூணு பேர் ஒப்புதல் போடணும்."

"பரவாயில்ல, விட்டுடறேன்னு சொல்லுங்க ஐயா," என்றேன் நான். பிஸ்கட் கண்ணெதிரே இருந்தது.

தெவித்தா என்னை வருத்தத்தோடு பார்த்தார். "தம்பி, நான் விடலாம். ஆனா அப்புறம் அது சும்மா ஆயிடுமே."

யோகெவெத் கைப்பையைக் கவிழ்த்தாள். சாவிகள், உதட்டுச் சாயம், பஸ் அட்டை, சில்லறை. ரப்பி சட்டைப்பையைத் துழாவினார். இரண்டு ஷெக்கல் குறைந்தது. நான்தான் போட்டேன். அரசாங்கத்துக்கு நான் கொடுத்த கடன் அது, இன்று வரை யாரும் திருப்பித் தரவில்லை.

தெவித்தா கிடங்குச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, காசை ஒவ்வொன்றாக எண்ணி இடுப்புப் பாய்க்குள் முடிந்துகொண்டார்.

"சரியா இருக்கு," என்றார். "பேனாவைக் குடுங்கம்மா."